செயற்கைச் சிறுநீரகம் கற்ற பொறுமை

மனித உடலில் ஆரவாரமின்றி உழைக்கும் உறுப்புகளுள் சிறுநீரகங்களுக்குத் தனியிடம் உண்டு. முதுகெலும்பின் இருபுறமும் கைப்பிடி அளவில் அமைந்த இவ்விரண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழிவாக வெளியே அனுப்பிவிட்டு, எஞ்சியதையெல்லாம் உடலுக்கே திருப்பித் தந்துவிடுகின்றன. யூரியா முதலிய கழிவுகள் நீங்குவதும், பொட்டாசியம் என்னும் உப்பு எல்லை மீறாதிருப்பதும், இரத்தத்தில் அமிலம் மிகாமல் இருப்பதும் இவற்றின் உழைப்பாலேயே. இவை திடீரென ஓய்ந்துபோனால் நேர்வது என்ன என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். சிறுநீர் நின்ற நோயாளி வாந்தியெடுத்து, வீங்கி, மூச்சு முட்டி, நினைவிழந்து, சில நாட்களில் கண் மூடிவிடுவார். அருகிலிருந்து பார்ப்பதைத் தவிர அவர்களால் ஏதும் செய்ய இயலவில்லை.

அந்நிலை மாறி எண்பது ஆண்டுகளே ஆகின்றன. இன்று பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையை ஒரு கருவி இரவு பகலாகச் செய்து கொண்டிருப்பதைக் காண்கிறோம். டயாலிசிஸ் என்னும் சொல் நம் வீட்டுப் பெண்களின் பேச்சிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. இதன் வரலாற்றை ஒரு வெற்றிக் கதையாக எழுதிவிடுவது எளிது. எனினும் அவ்வரலாற்றின் உள்ளே தொடக்கம் முதல் இன்றுவரை ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. கருவியை எப்போது பூட்டுவது? உடனேயா, பொறுத்திருந்தா?

இது மருத்துவர்கள் மட்டும் வாதிடும் கேள்வியன்று. "சிறுநீரகம் வேலை செய்யவில்லை, ஆயினும் இன்னும் ஒருநாள் பார்ப்போம்" என்று மருத்துவர் சொல்லிச் செல்லும்போது, வெளியே காத்திருக்கும் மக்கள் மனம் என்ன பாடுபடும்! கருவி இருக்கிறது, வாப்பா உள்ளே நினைவின்றிக் கிடக்கிறார், பிறகேன் தாமதம் என்ற ஐயம் எழாதா? அந்த ஐயத்துக்கு விடை தேடி மருத்துவ உலகம் நடந்து வந்த பாதையைத்தான் நாம் இங்கே காணப் புகுகிறோம்.

முன்னோடிகள்

டயாலிசிஸ் என்னும் பெயரை வழங்கியவர் மருத்துவர் அல்லர். தாமஸ் கிரஹாம் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர். ஒரு வளையத்தில் தோல்தாளை இழுத்துக் கட்டி, அதனை நீரின் மேல் மிதக்கவிட்டு, தாளின் மேற்புறம் கரைசலை ஊற்றினார். நுண்ணிய பொருள்கள் தாளின் வழியே கீழ் நீருக்குள் கசிந்து சென்றன. பருத்த பொருள்கள் மேலேயே தங்கின. சிறுநீரிலிருந்து யூரியாவை இம்முறையில் அவர் பிரித்துக் காட்டினார். 1861ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆய்வே பிற்காலக் கருவிகள் அனைத்துக்கும் அடிப்படை. சவ்வின் ஒருபுறம் இரத்தம், மறுபுறம் தூய உப்புநீர், இடையே செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் கழிவு நகர்தல்: தத்துவம் இவ்வளவே.

ஆனால் உயிருள்ள உடலின் இரத்தத்தை வெளியே கொணர்ந்து, சுற்றவிட்டு, மீண்டும் உள்ளே செலுத்துவது எளிதோ? வெளியே வந்த இரத்தம் உறைந்துவிடும். 1913இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் ஏபல் என்பாரும் அவருடைய துணைவர் இருவரும் விலங்குகளின் இரத்தத்தைக் குழாய்களில் சுற்றவிட்டுச் சுத்திகரித்தனர். இரத்தம் உறையாதிருக்க அவர்கள் பயன்படுத்தியது அட்டைப் பூச்சியின் தலையிலிருந்து எடுக்கப்பட்ட சாறு! முதல் உலகப்போர் மூண்டதும் ஐரோப்பாவிலிருந்து அட்டைகள் வருவது நின்றது. 1924இல் ஜெர்மனியின் கீசன் நகரில் ஜியார்ஜ் ஹாஸ் என்பவர் மனிதருக்கு முதன்முதலாக இச்சிகிச்சையைச் செய்தார். அது நீடித்தது 15 நிமிடங்களே. 1916இல் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் தொடங்கிவைத்த ஆய்விலிருந்து பிறந்த ஹெப்பாரின் என்னும் மருந்து பின்னர் இரத்தம் உறையும் தொல்லையைத் தீர்த்தது. ஹாஸும் 1928இல் அதனைக் கையாண்டார். எனினும் அவருடைய நோயாளிகள் பிழைக்கவில்லை. ஆதரவு இல்லாமையால் அவர் முயற்சியைக் கைவிட்டார்.

போர்க்களத்தின் நடுவே ஒரு மருத்துவர்

இத்துறையின் தந்தை என்று போற்றப்படும் வில்லெம் கோல்ஃப் 1911இல் நெதர்லாந்தில் பிறந்தவர். 1938இல் க்ரோனிங்கன் நகர மருத்துவமனையில் அவர் இளம் மருத்துவராக இருந்தபோது, 22 வயது உழவர் மகன் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து அவர் கண்ணெதிரே மெல்ல மடிந்தார். மகன் பிழைக்கமாட்டான் என்பதை அந்த இளைஞரின் தாயிடம் சொல்லும் கடமையும் அவருடையதே. நாளொன்றுக்கு 20 கிராம் யூரியாவை அவ்வுடலிலிருந்து எடுக்க முடிந்திருந்தால் இவன் பிழைத்திருப்பானே என்ற எண்ணம் அவரை விடவில்லை. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிரிங்க்மன், உணவுப் பண்டங்களைப் பொதியப் பயன்படும் செல்லோஃபேன் தாள் இதற்கு ஏற்ற சவ்வாகும் என்று அவருக்கு வழிகாட்டினார்.

1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. க்ரோனிங்கனில் கோல்ஃபின் ஆசானாக விளங்கிய யூதப் பேராசிரியர் தம் மனைவியுடன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் இடத்துக்கு நாஜிகளுக்கு உகந்த ஒருவர் அமர்த்தப்படவே, அவருக்குக் கீழே பணிபுரிய மனமின்றி 1941இல் கோல்ஃப் காம்ப்பன் என்னும் சிற்றூரின் மருத்துவமனைக்குச் சென்றார். அவ்வூரில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை நடத்திய ஹென்ட்ரிக் பெர்க் என்பவர் அவருக்குத் துணை நின்றார். போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு இடையே கிடைத்த பொருள்களைக் கொண்டு உருவானது ஒரு விந்தையான கருவி. மரச்சட்டங்களால் ஆன உருளை. அதன்மேல் சுற்றப்பட்ட பல மீட்டர் நீளச் செல்லோஃபேன் குழாய். உருளையின் அடிப்பாகம் உப்புநீர் நிறைந்த எனாமல் தொட்டியில் அமிழ்ந்திருக்கும். உருளை சுழலச் சுழல, குழாயினுள் ஓடும் இரத்தம் தன் கழிவைத் தொட்டி நீரில் இறக்கிவிட்டுச் செல்லும்.

1943 மார்ச்சில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கியது. 29 வயதுப் பெண். பன்னிரண்டு முறை இரத்தம் சுத்திகரிக்கப்பட்டது; ஒவ்வொரு முறையும் அவர் நிலை சற்றே தேறியது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு இரத்தக்குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. திறப்பதற்கு இனிக் குழாய் இல்லை என்ற நிலையில் அவர் இறந்தார். இவ்வாறு பதினாறு நோயாளிகள். ஒருவர் மட்டுமே பிழைத்தார். அவரும் கருவியின்றியே பிழைத்திருக்கக் கூடும் என்று கோல்ஃபே கருதினார். எத்தனை பேருக்கு இந்தத் தோல்விகளைத் தாங்கும் மனம் இருக்கும்?

பதினேழாவது நோயாளி 1945 செப்டம்பரில் வந்தார். 67 வயது மூதாட்டி. பித்தப்பையில் சீழ் பிடித்துச் சிறுநீரகம் நின்றுபோய் நினைவற்றுக் கிடந்தார். போரின்போது ஆக்கிரமிப்பாளருக்கு உடந்தையாக இருந்தமைக்காகச் சிறை வைக்கப்பட்டிருந்தவர் அவர். அவரைக் காப்பாற்றுவானேன் என்று ஊர் மக்கள் பலர் எண்ணினர். நாஜிகளால் தம் ஆசானை இழந்த கோல்ஃபோ, தம்மிடம் வந்தவர் நோயாளி என்பதை மட்டுமே பார்த்தார். பதினொரு மணி நேரத்துக்கும் மேலாகக் கருவி சுழன்றது. மூதாட்டி கண் விழித்தார். சில நாட்களில் அவருடைய சிறுநீரகங்கள் தாமாகவே மீண்டும் உழைக்கத் தொடங்கின. அதன்பின் சில ஆண்டுகள் வாழ்ந்து, வேறு நோயால் அவர் மறைந்தார்.

போர் முடிந்ததும் கோல்ஃப் தாம் செய்து வைத்திருந்த கருவிகளை லண்டன், நியூயார்க், மாண்ட்ரீல் ஆகிய நகரங்களுக்கும் போலந்துக்கும் இலவசமாகவே அனுப்பினார். அதைக் கொண்டு பொருளீட்ட அவர் நினைக்கவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று செயற்கை இதய ஆய்விலும் முன்னின்று, 2009இல் 97ஆம் வயதில் காலமானார்.

பொறுப்போம் என்ற லண்டன்

இந்நிகழ்ச்சியில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஓர் உண்மை உண்டு. மூதாட்டியின் சிறுநீரகத்தைக் கருவி குணப்படுத்தவில்லை. அது தானாகவே குணமடைந்தது. அதுவரை அவர் உயிரோடிருக்கக் கருவி உதவியது. நாட்பட்ட நோயால் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து அழிந்த சிறுநீரகம் மீள்வதில்லை. ஆனால் விபத்து, கடுந்தொற்று, இரத்த இழப்பு, நஞ்சு ஆகியவற்றால் திடீரென ஓய்ந்த சிறுநீரகம் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கிறது. நாட்களிலோ வாரங்களிலோ விழித்துக்கொள்ளலாம்.

1941இல் இதற்குக் கொடிய சான்றுகள் கிடைத்தன. ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது குண்டு பொழிந்தபோது, இடிபாடுகளின் அடியில் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவர்கள் மீட்கப்பட்டனர். முதல்நாள் நலமாகத் தோன்றிய அவர்கள் சில நாட்களில் சிறுநீர் நின்று இறந்தனர். நசுங்கிய தசையிலிருந்து வெளிப்பட்ட பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்து முடக்குகின்றன என்பதை ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் பைவாட்டர்ஸ், பீல் இருவரும் விளக்கி எழுதினர்.

கோல்ஃப் அனுப்பிய கருவிகளுள் ஒன்று அதே ஹாமர்ஸ்மித்தைச் சென்றடைந்தது. அங்கே சிலருக்குப் பயன்படுத்தவும்பட்டது. ஆனால் விரைவிலேயே அதனை ஓரம் கட்டிவிட்டனர். 1949இல் அங்குப் பணிபுரிந்த கிரஹாம் புல்லும் அவருடைய துணைவர்களும் வேறொரு வழியை வெளியிட்டனர். ஓய்ந்த சிறுநீரகம் தானே மீளும் என்றால், அதுவரை உடலில் கழிவு சேராமல் பார்த்துக்கொண்டால் போதாதா? மூக்கின் வழியே குழாய் செலுத்தி, கடலை எண்ணெயும் குளுக்கோசும் கலந்த உணவை அளந்த ஒரு லிட்டர் நீரில் மட்டும் கொடுத்தனர். புரதம் இல்லை; உப்பு இல்லை; கூடுதல் நீர் இல்லை. இதனால் பலர் பிழைத்தனர் என்பதும் உண்மையே. கருவியோ அக்காலத்தில் ஆபத்து மிக்கது. இரத்தக் கசிவும் காய்ச்சலும் அதனுடன் வந்தன. ஆகவே பிரிட்டனில் சில ஆண்டுகள் பொறுமையே கொள்கையாயிற்று.

விரைவோம் என்ற கொரியா

அக்கொள்கையை அசைத்தது மற்றொரு போர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோல்ஃபின் கருவியைச் செம்மைப்படுத்தி எஃகில் வடித்திருந்தனர். 1952இல் கொரியப் போரின்போது, வொன்ஜு என்னுமிடத்தில் இருந்த ராணுவ மருத்துவமனைக்கு அக்கருவி கொண்டுசெல்லப்பட்டது. பால் டெஷன் என்னும் இளம் மருத்துவர் அதன் பொறுப்பை ஏற்றார். படுகாயமுற்றுச் சிறுநீர் நின்ற வீரர்கள் ஹெலிகாப்டரில் அங்கே வந்து சேர்ந்தனர்.

கடலை எண்ணெய்ப் பொறுமை இங்கே செல்லுபடியாகவில்லை. குண்டடிபட்டுச் சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் வெள்ளமெனப் பெருகும். அது எல்லை மீறினால் இதயம் நின்றுவிடும். இரண்டாம் உலகப்போரில் இவ்வாறு சிறுநீரகம் செயலிழந்த வீரர்களுள் பத்தில் ஒன்பது பேர் மடிந்தனர். கொரியாவில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

போர் முடிந்து நாடு திரும்பிய டெஷன் ஒரு படி மேலே சென்றார். நோயாளி வாந்தியெடுத்து மயங்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அறிகுறி தோன்றுமுன்பே நாள்தோறும் டயாலிசிஸ் செய்தால் என்ன? 1960இல் 15 நோயாளிகளின் அனுபவத்தைக் கொண்டு, முன்கூட்டியே தொடங்குவது நல்லது என்று எழுதினார். அது பகுத்தறிவுக்குப் பொருந்துவதாகவே தோன்றியது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: காத்திருந்த மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட முடிவன்று அது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வருகை

இதற்கிடையே மருத்துவமனையின் அமைப்பே மாறிக்கொண்டிருந்தது. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் குழாய் பொருத்தி, நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே பையை அழுத்தி மூச்சூட்டினர். இம்முறையைக் காட்டிய பியோர்ன் இப்சென் என்பவரே மறு ஆண்டில் அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தோற்றுவித்தார். அதன்பின் முன்பெல்லாம் முதல்நாளிலேயே இறந்திருக்கக் கூடியவர்கள் செயற்கை மூச்சாலும் மருந்தாலும் வாழலாயினர். அவ்வாறு வாழ்ந்தவர்களிடம் ஒரு புதிய துன்பம் தலைகாட்டியது. நுரையீரல், இதயம், கல்லீரல், சிறுநீரகம் என உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன.

இத்தகைய நோயாளிக்கு வழக்கமான டயாலிசிஸ் ஒத்துவரவில்லை. நாட்பட்ட சிறுநீரக நோயாளி வாரத்தில் மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் கருவியோடு இணைந்திருந்து, வீடு திரும்புகிறார். மூன்று நாளில் சேர்ந்த நீரை நான்கே மணி நேரத்தில் இறைக்கும் வேகத்தை அவர் உடல் பொறுக்கும். இரத்த அழுத்தத்தை மருந்தால் தாங்கிப் பிடித்திருக்கும் நோயாளியின் உடல் அதைப் பொறுப்பது கடினம். அழுத்தம் சரிந்து, ஏற்கெனவே நொந்த சிறுநீரகத்துக்கு மேலும் இரத்தம் குறைந்துவிடும்.

இதற்கான வழி 1977இல் ஒரு தற்செயலால் திறந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பீட்டர் கிராமர் என்னும் மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தொடைச் சிரையில் குழாய் செலுத்த முயன்றபோது, அது தவறித் தமனியில் நுழைந்துவிட்டது. வேறொருவராயின் குழாயை உருவிவிட்டு வேறிடம் தேடியிருப்பார். கிராமரோ சிந்தித்தார். தமனியில் அழுத்தம் மிகுதி; சிரையில் குறைவு. இரண்டுக்கும் இடையே ஒரு வடிகட்டியை வைத்தால், இதயமே இரத்தத்தை அதன் வழியே தள்ளுமே! பம்பு வேண்டாம், பெரிய கருவி வேண்டாம், நாள் முழுவதும் மெல்ல மெல்லச் சொட்டிக்கொண்டிருக்கும். தொடர் வடிகட்டல் சிகிச்சை இவ்வாறு பிறந்தது.

பின்னர்த் தமனியைத் துளைப்பதன் ஆபத்தைத் தவிர்க்க, கழுத்திலோ தொடையிலோ உள்ள ஒரே சிரையில் இரு பாதைகள் கொண்ட குழாயைச் செலுத்தி, பம்பின் உதவியால் இரத்தத்தைச் சுற்றவிடும் முறை நிலைபெற்றது. இன்று நாம் கட்டிலருகே காணும் கருவி இதுவே. அதன் வடிகட்டியினுள் தலைமயிர் போன்ற மெல்லிய உட்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 25 மில்லி லிட்டர் என்பது இன்றைய வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர். நாளொன்றுக்கு 36 லிட்டர். இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரினையோ சிட்ரேட் என்னும் உப்பையோ சேர்ப்பர். செவிலியர் ஒருவர் இதற்கென்றே விழித்திருக்கவேண்டும் எனலாம்.

மிகுதி நன்மையாகுமா?

நல்ல கருவி கையில் வந்தபின், அதனை மேலும் மேலும் முடுக்கிவிட்டால் மேலும் பலர் பிழைப்பர் என்று எண்ணுவது மனித இயல்பு. 2000ஆம் ஆண்டில் இத்தாலியின் விச்சென்சா நகர மருத்துவர் ரோன்கோவும் அவருடைய துணைவர்களும் 425 நோயாளிகளை மூன்று கூட்டமாகப் பிரித்து ஆராய்ந்தனர். மணிக்குக் கிலோவுக்கு 20 மில்லி லிட்டர் பெற்றவர்களில் 41 விழுக்காட்டினரும், 35 பெற்றவர்களில் 57 விழுக்காட்டினரும் பிழைத்தனர். மிகுதியே நன்று என்று உலகம் முழுவதும் அளவை உயர்த்தினர்.

ஆயினும் பெரிய ஆய்வுகள் இதை உறுதி செய்யவில்லை. 2008இல் அமெரிக்காவில் 1124 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தீவிர முறைக்கும் வழக்கமான முறைக்கும் வேறுபாடு தென்படவில்லை. 2009இல் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 1508 நோயாளிகளிடம் 25, 40 என்னும் இரு அளவுகளை ஒப்பிட்டனர். 90 நாட்களில் இறந்தோர் இரு கூட்டத்திலும் ஒரே அளவு: 44.7 விழுக்காடு. மிகையான சுத்திகரிப்பு, கழிவோடு உடலுக்கு வேண்டிய பாஸ்பேட் உப்பையும் நோயோடு போரிடும் மருந்துகளையும் சேர்த்தே அகற்றிவிடுகிறது என்பதும் புலனாயிற்று. அளவோடு நில் என்பதே இதன் பாடம்.

எப்போது என்னும் கேள்வி

அளவுக்கு விடை கிடைத்தபின், எஞ்சி நின்றது காலம் பற்றிய பழைய கேள்வி. கிரஹாம் புல்லின் பொறுமையா, டெஷனின் விரைவா? 2016 மே மாதத்தில் இரண்டு ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே வேளையில் வெளிவந்து, நேர்மாறான விடைகளைத் தந்தன.

ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ஒரே மருத்துவமனையில் 231 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், முன்கூட்டியே தொடங்கியோரில் 90 நாட்களுக்குள் 39 விழுக்காட்டினரும், தாமதித்தோரில் 55 விழுக்காட்டினரும் இறந்தனர். பிரான்சின் 31 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 620 நோயாளிகளிடம் நடந்த ஆய்வோ, இரு முறையிலும் இறந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேர் என்று காட்டியது. அதனினும் முக்கியமான செய்தி ஒன்றை அது சொல்லிற்று: காத்திருக்கவைத்த கூட்டத்தில் 49 விழுக்காட்டினருக்கு டயாலிசிஸ் செய்யப்படவே இல்லை. அவர்களுள் பலருடைய சிறுநீரகம் அதற்குள் தானாகவே விழித்துக்கொண்டது.

இந்தப் பிணக்கைத் தீர்க்க 15 நாடுகளின் 168 மருத்துவமனைகள் ஒன்றுகூடின. 3000 பேர்க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட அம்முடிவு 2020இல் வெளிவந்தது. 90 நாட்களில் இறந்தோர், விரைந்து தொடங்கியோரில் 43.9 விழுக்காடு; தேவை எழும்வரை பொறுத்தோரில் 43.7 விழுக்காடு. விரைவு உயிரைக் கூடுதலாகக் காக்கவில்லை. மாறாக, விரைந்து தொடங்கிப் பிழைத்தோரில் 10.4 விழுக்காட்டினர் 90 நாட்களுக்குப் பின்னும் டயாலிசிஸை நம்பியே இருந்தனர். பொறுத்தோரில் இது 6 விழுக்காடே. சிறுநீரகம் தானே எழுந்து நிற்க முயலும் வேளையில், குழாயாலும் அழுத்தச் சரிவாலும் நாம் அதனைத் தடுத்துவிடுகிறோமோ என்ற அச்சத்தை இது எழுப்பியது.

அப்படியாயின் எல்லையின்றிக் காத்திருக்கலாமா? அதற்கும் 2021இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விடை கண்டனர். பொறுமைக்கு மேல் பொறுமை என்று தள்ளிப்போட்டால் எந்த நன்மையும் இல்லை. தீமைக்கே இடமுண்டு என அவர்கள் ஆய்வு எச்சரித்தது. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறினாலோ, அமிலம் மிகுந்தாலோ, நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைத்து மருந்துக்கும் இறங்காவிட்டாலோ, ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது. இவை இல்லாதபோது கண்காணித்துப் பொறுத்திருப்பது சிகிச்சையேயன்றிப் புறக்கணிப்பன்று. கண்காணியாமல் விட்டுவிடுவதே புறக்கணிப்பு.

பேரிடர்களும் நம் மண்ணும்

லண்டன் இடிபாடுகளில் கற்ற பாடம் நிலநடுக்கங்களில் மீண்டும் மீண்டும் தேவைப்பட்டது. 1988இல் ஆர்மீனியா நிலநடுக்கத்தின்போது உதவிகள் குவிந்தும் ஒழுங்கின்றி வீணாயின. அதன்பின் சிறுநீரக மருத்துவர்கள் பேரிடர் உதவிக்கென ஓர் உலகளாவிய குழுவை அமைத்தனர். 1999 ஆகஸ்ட் 17ஆம் நாள் துருக்கியின் மர்மரா வட்டாரம் அதிர்ந்தபோது அதன் பயன் தெரிந்தது. துருக்கி மருத்துவர்கள் அக்குழுவோடு கைகோத்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 639 பேரைக் கவனித்தனர். 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 639 பேரில் இறந்தோர் 15 விழுக்காட்டினரே. கருவியினும் முந்திச் செய்யவேண்டிய ஒன்றையும் அவர்களுடைய அனுபவம் வற்புறுத்தியது: இடிபாட்டின் அடியில் இருக்கும்போதே நரம்பு வழியே நீர் ஏற்றத் தொடங்கினால், பலருக்குச் சிறுநீரகம் நிற்பதையே தடுக்கலாம்.

இந்தியாவில் இச்சிகிச்சை 1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. நம் நாட்டில் சிறுநீரகம் திடீரென ஓய்வதற்கு நமக்கே உரிய காரணங்களும் உண்டு. வயலிலும் வரப்பிலும் கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு நஞ்சு நேரே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. மழைக்காலத்தில் எலிக் காய்ச்சலும், வயிற்றுப்போக்கால் உடல் நீர் வற்றுவதும் அவ்வாறே. இவர்களில் பலர் இளைஞர், உழைப்பாளிகள், உரிய வேளையில் கருவி கிடைத்தால் முழுநலம் பெற்று வீடு திரும்பக் கூடியவர்கள். விரியன் தீண்டியவரை மந்திரிக்கவும் பச்சிலை கட்டவும் அழைத்துச் செல்லும் நேரத்தில் விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டால், டயாலிசிஸின் தேவையே எழாமல் போகலாம். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது நியூயார்க் போன்ற செல்வ நகரிலேயே டயாலிசிஸ் கருவிகளும் நீர்மமும் போதாமல் போனதை எண்ணும்போது, தேவையை வருமுன் தடுப்பதன் அருமை விளங்கும்.

வீட்டார் அறியவேண்டியது

இத்தனை ஆய்வுகளிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர்கள் கருவியின் குறையால் இறக்கவில்லை. பல உறுப்புகளையும் ஒருங்கே வீழ்த்திய மூல நோயால் இறந்தனர். அதே வேளையில், பொறுத்துப் பிழைத்தோரில் நூற்றுக்கு 94 பேர் 90ஆம் நாளில் டயாலிசிஸ் இன்றி வாழ்ந்தனர் என்பதையும் மறக்கலாகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் டயாலிசிஸ் தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் அதுதான் என்று அஞ்சிக் கையெழுத்திட மறுப்போர் இதனை உணரவேண்டும்.

மருத்துவரிடம் கேட்கத் தக்க கேள்விகள் சில உண்டு. சிறுநீரகம் நின்றதற்குக் காரணம் என்ன? பொட்டாசியம் எவ்வளவு? நுரையீரலில் நீர் தேங்கியிருக்கிறதா? எந்த நிலை வந்தால் கருவியைப் பூட்டுவீர்கள்? பூட்டியபின் எத்தனை நாள் பார்த்து, எதைக் கண்டு தொடர்வதா நிறுத்துவதா என முடிவு செய்வீர்கள்? நோயாளி முன்பு உட்கொண்டு வந்த மருந்துகளை, குறிப்பாக வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும், மறைக்காமல் சொல்வது வீட்டாரின் கடமை. மிக முதிர்ந்தவருக்கும் மீள வழியில்லாத நோயுற்றவருக்கும், குறிப்பிட்ட சில நாட்களுக்கென்று சிகிச்சையைத் தொடங்கி, பலனில்லையாயின் துன்பத்தைத் தணிப்பதோடு நின்றுவிடுவதும் மருத்துவ நெறியில் ஏற்கப்பட்ட வழியே.

இறந்தவரை அடக்கம் செய்து வந்தபின்னும், "ஒருநாள் முன்னதாகத் தொடங்கியிருந்தால்" என்று ஆண்டுக்கணக்கில் நெஞ்சைச் சுட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். கடன் வாங்கிச் செலவிடாததால் தந்தையை இழந்தோமோ என்று மறுகும் வீடுகளும் உண்டு. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அனுபவம் அவர்களுக்குச் சொல்லும் செய்தி தெளிவானது. ஆபத்தான அறிகுறிகள் இல்லாத நிலையில், கண்காணிப்போடு பொறுத்திருந்த அந்த ஒருநாளால் உயிர் போய்விடவில்லை. நோயாளியின் அருகே அமர்ந்து மணிக்கு மணி சிறுநீரை அளந்து, இரத்தத்தைச் சோதித்து, பொறுத்திருக்கும் மருத்துவரும் தம் கடமையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.